பின்னால் இருக்கிற பாரம்: பின் என்ஜின் கார்களும் 'ஓட்டத் தெரியாதவனும்'

விபத்து ஒன்று நடந்தால் எங்கட ஊரில் முதலில் வருகிற கேள்வி, "ஆர் ஓடினது?" என்பதுதான். ஓடினவரின் வயது என்ன, குடித்திருந்தாரா, வேகமாக வந்தாரா, லைசன்ஸ் இருந்ததா எண்டு எல்லாவற்றையும் விசாரிப்போம். அது என்ன வாகனம், அந்த இடத்தில் அது ஏன் அப்படித் திரும்பியது, அப்படித் திரும்புகிற ஒன்றை ஆர் செய்து விற்றது என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் மிகக் குறைவு. இது எங்களுடைய பழக்கம் மட்டும் இல்லை. 1960களின் நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்காவிலும் கார் விபத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் டிரைவரைச் சுற்றித்தான் இருந்தது. அந்தப் பேச்சைத் திருப்பிய சண்டை, என்ஜினைப் பின்னால் வைத்த ஒரு காரை முன்வைத்து நடந்தது.

அதே நேரம் இன்னொரு காட்சியும் இருக்கு. யூடியூப்பில் பழைய ரலி வீடியோக்களைத் தேடிப் பாருங்கோ. பனி படர்ந்த மலைப் பாதையில் வாலை வெளியே வீசிக்கொண்டு, பக்கவாட்டாக வளைவுக்குள் நுழைகிற சின்னச் சின்னக் கார்கள் வரும். அல்பைன் ஏ110, ரெனோ 8 கோர்டினி, போர்ஷே 911. எல்லாமே என்ஜினைப் பின்னால் சுமக்கிற கார்கள். இன்றைக்கு 'டிரிஃப்ட்' எண்டு நாங்கள் வாய் பிளந்து பார்க்கிற அந்த அழகுக்கும், சாதாரண வீதிகளில் நடந்த விபத்துகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரே குணம் ஓரிடத்தில் வீரக் கதையாகவும் இன்னோரிடத்தில் நீதிமன்ற வழக்காகவும் ஆனது எப்படி, அதன் பழியை ஆர் சுமந்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏன் பின்னுக்குக் கொண்டு போனார்கள்?

பின் என்ஜின் எங்களுக்கு அந்நியமான விசயம் இல்லை. தெருவில் ஓடுகிற ஓட்டோவின் என்ஜின் பின்பக்கத்தில்தான் இருக்கு. ஆனால் 1930கள் தொடங்கி 1960கள் வரைக்கும், ஐரோப்பாவில் அது ஒரு முழுத் தலைமுறையின் நவீனக் கனவாக இருந்தது.

அந்தக் காலத்துக் கார் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் முன்னால், தள்ளுகிற சில்லுகள் பின்னால். இரண்டுக்கும் இடையில் காரின் அடியால் ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓட வேண்டும். அதற்காகத் தரையின் நடுவில் ஒரு மேடு எழும்பும், பாரம் கூடும், செலவும் கூடும். என்ஜினைத் தூக்கித் தள்ளுகிற சில்லுகளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அந்தத் தண்டு தேவையில்லை. தரை தட்டையாகும். சின்னக் காருக்குள் நான்கு பேர் இருக்கலாம். பாரம் தள்ளுகிற சில்லுகளுக்கு மேல் விழுவதால் சேற்றிலும் பனியிலும் ஏற்றத்திலும் பிடி கிடைக்கும். என்ஜினை முன்னால் வைத்து முன் சில்லுகளையே ஓட்டலாம்தானே எண்டு கேட்கலாம். ஓட்டலாம். ஆனால் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்றால் அந்தச் சில்லுகளுக்கு நல்ல மூட்டுகள் தேவை. அந்தக் காலத்தில் அவை விலை கூடியவை, கெதியாகத் தேய்ந்தும் போகும். மலிவான பதில் பின்னால் இருந்தது.

1934 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தத்ரா நிறுவனம் ஹன்ஸ் லெட்விங்காவின் தலைமையில் 'தத்ரா 77' என்ற காரை வெளியிட்டது. காற்றைக் கிழிக்கிற துளி வடிவ உடல், வாலில் காற்றால் குளிர்கிற வி8 என்ஜின். சில வருடங்களில் ஜேர்மனியில் ஃபேர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த மக்கள் கார் வந்தது. நாஜி அரசு அதற்கென்று ஒரு சேமிப்புத் திட்டம் நடத்தியது. 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முத்திரை ஒட்டி ஒட்டிப் பணம் கட்டினார்கள், ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகுதான் அது 'பீட்டில்' ஆக உலகம் முழுக்கப் போனது. 2003 யூலையில் மெக்சிக்கோவின் புவெப்லாவில் கடைசிக் கார் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிரான்சில் ரெனோ 4சிவி, பிறகு டொஃபின். இத்தாலியில் ஃபியட் 600 உம் 500 உம். பிரித்தானியாவில் 1963 இல் ஹில்மன் இம்ப்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் பணக்காரரின் விளையாட்டுப் பொருட்கள் இல்லை. போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் முதல் தடவையாகக் கார் வாங்கிய தொழிலாளர் குடும்பங்களும் ஆசிரியர்களும் சின்னக் கடைக்காரரும் வாங்கியது இவற்றைத்தான். அதாவது, அனுபவம் குறைந்த கைகளுக்குத்தான் இந்தக் கார்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்தன.

கரியரில் அரிசி மூட்டை

சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே உடம்பால் தெரியும். முன் சில்லு லேசாகிவிடும், ஹான்டில் அலையும். கெதியாகத் திருப்பினால் மூட்டை தன்பாட்டுக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். ஒருக்கால் போகத் தொடங்கினால் நிப்பாட்டுவதும் கஷ்டம்.

காரிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. வளைவில் போகும்போது முழுக் காரையும் உள்பக்கமாகத் தள்ளுவது நான்கு ரயர்களின் பிடி மட்டும்தான். எந்தப் பக்கம் பாரம் கூடவோ அந்தப் பக்கத்து ரயர்களுக்கு வேலையும் கூட. பாரத்தில் 60 சதவீதமோ அதற்கு மேலோ பின்னால் இருந்தால், நான்கு ரயர்களும் ஒரே மாதிரியானவை எண்டால், பின் ரயர்கள்தான் முதலில் களைத்துப் போகும். பின்பக்கம் வெளியே வழுக்கும். நீங்கள் கேட்டதைவிட மூக்கு அதிகமாக உள்ளே திரும்பும். இதைத்தான் ஓவர்ஸ்டியர் என்கிறார்கள். மூக்குப் பாரமான கார்களில் நடப்பது இதற்கு எதிர்மாறு. முன் ரயர்கள் முதலில் வழுக்கி, கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். அது அண்டர்ஸ்டியர்.

இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆனால் பயந்த மனிதர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுப்பார், அல்லது பிரேக்கை மிதிப்பார். அண்டர்ஸ்டியர் காரில் அது பெரும்பாலும் உதவும். வேகம் குறையும், பாரம் முன்னுக்குச் சாயும், முன் ரயர்களுக்குப் பிடி திரும்பி வரும். பின் என்ஜின் காரில் அதே காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து, ஏற்கெனவே தடுமாறுகிற பின் ரயர்களின் பிடி இன்னும் குறையும். வால் சுழலத் தொடங்கும். என்ஜின் காரின் கடைசி முனையில் தொங்குவதால் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். உயிரைக் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்கிற காரியமே அங்கே காரைச் சுழற்றிவிடுகிறது.

பழகினவர் வேறு மாதிரி ஓடுவார். வளைவுக்கு முன்னமே, கார் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுவார். வளைவுக்குள் மெதுவாக அக்சிலரேற்றரை அமத்துவார். அப்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து பின் ரயர்களை நிலத்தோடு அழுத்தும். பழைய போர்ஷே ஓட்டுநர்களின் 'மெதுவாக உள்ளே, வேகமாக வெளியே' என்ற பாடம் இதுதான். ரலி ஓட்டுநர் இன்னும் ஒரு படி போவார். வேண்டுமென்றே வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, காலை எடுத்து, வாலை ஆட விட்டு, அது வெளியே வருகிற கணத்தில் எதிர் ஸ்டியரிங் பிடித்து அக்சிலரேற்றரால் அதைத் தாங்கிக்கொள்வார். இன்றைய டிரிஃப்ட் போட்டிகளில் ஓடுகிற டொயோட்டா ஏஇ86, நிசான் சில்வியா போன்றவை முன் என்ஜின், பின் சில்லு ஓட்டம். பாரம் இரண்டு பக்கமும் ஓரளவு பரவியிருப்பதால் அந்தச் சறுக்கலை நீளத்துக்குப் பிடித்து வைத்திருக்கலாம். பின் என்ஜின் காரில் வால் பிந்தித்தான் விடும், விட்டால் கெதியாகப் போகும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: ஊசல் அச்சு. இதில் கியர்பொக்ஸின் இரண்டு பக்கமும் உள்ள தண்டுகள், கியர்பொக்ஸோடு சேருகிற இடத்தில் மட்டும்தான் மடங்கும். சில்லுப் பக்கம் மூட்டு இல்லை. தோளில் மட்டும் மூட்டு உள்ள, மணிக்கட்டு இல்லாத கை மாதிரி. காரின் பின்பக்கம் மேலே எழும்பினால் இரண்டு கைகளும் கீழே தொங்கும். சில்லுகள் தட்டையாக நிற்காமல் அடிப்பக்கம் உள்ளே சாய்ந்து விளிம்பில் நிற்கும். கடுமையான வளைவில் வெளிப்பக்கச் சில்லு இப்படி மடங்கினால், அது காரின் பின்பக்கத்தை இன்னும் மேலே தூக்கும். தூக்கத் தூக்க இன்னும் மடங்கும். பிடி படிப்படியாகக் குறையாமல் சட்டென்று போய்விடும். மலிவானது, பள்ளம் திட்டியில் சொகுசானது, அதனால் பீட்டில், டொஃபின், தத்ரா எல்லாவற்றிலும் இது இருந்தது. முன் என்ஜின் கார்கள் சிலவற்றிலும் இருந்தது. ஆனால் பின் என்ஜினோடு சேர்ந்தபோதுதான் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று பெருக்கின.

விமானி மாதிரி ஒருவன்

1930களில் இந்தக் குணத்தை உலகம் பார்த்தது பந்தயத் தடத்தில். போர்ஷே வடிவமைத்த ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களில் என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருந்தது. 16 சிலிண்டர், 1936 இல் 500 குதிரைவலுவுக்கு மேல், மெலிந்த ரயர்கள், பின்னால் ஊசல் அச்சு. ஓட்டுநர் முன் சில்லுகளுக்குக் கிட்ட இருந்ததால் வால் வெளியே போவதை முதுகால் உணர்வதற்குள் நேரம் போய்விடும். முன் என்ஜின் காரில் பழகிய பலர் அதில் தடுமாறினார்கள்.

பெர்ன்ட் ரோஸ்மையர் தடுமாறவில்லை. அவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இருந்து நேராக இந்தக் காருக்கு வந்தவர். மறப்பதற்கு அவரிடம் பழைய கார்ப் பழக்கம் இருக்கவில்லை. 1936 இல் ஐரோப்பியச் சம்பியனானார். 1938 ஜனவரி 28 அன்று பிராங்பேர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் வேகச் சாதனை முயற்சியில் அவர் இறந்தார். மணிக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது கார் பாதையை விட்டு விலகியது. அதே வருடம் ஓட்டோ யூனியனின் புதிய காரில் ஊசல் அச்சு கைவிடப்பட்டிருந்தது. அதாவது பொறியியலாளர்களுக்கு அந்த அச்சின் குறை 1938 இலேயே தெரியும். இந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தத்ரா 87 ஐச் சுற்றியும் ஒரு கதை உண்டு. செக் நாட்டை ஆக்கிரமித்த ஜேர்மன் அதிகாரிகள் அந்தக் காரை விரும்பி எடுத்து, வேகமாக ஓடி, வளைவுகளில் கவிழ்ந்து செத்ததால், அதை ஓடவே அவர்களுக்குத் தடை போடப்பட்டது என்று செக் மக்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அடக்கப்பட்ட ஒரு மக்களின் இனிமையான பழிவாங்கல் கதை. ஆனால் இதிலும் அடிப்படை அதேதான்: ஓடத் தெரியாதவன் செத்தான். அதே தத்ரா 87 இல்தான் ஹன்செல்கா, சிக்முண்ட் என்ற இரண்டு செக் இளைஞர்கள் 1947 முதல் 1950 வரை ஆபிரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சுற்றி வந்தார்கள்.

கோர்சிகாவும் மொன்டே கார்லோவும்

இந்தக் குணத்தைக் கலையாக மாற்றியதில் பிரான்சுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1958 மொன்டே கார்லோ ரலியை வென்றது ரெனோ டொஃபின், குடும்பங்கள் வாங்கிய அதே கார். 1964 இல் அமேடே கோர்டினி கை வைத்த ரெனோ 8 கோர்டினி வந்தது. நீல நிறம், இரண்டு வெள்ளைக் கோடு, நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். 1964, 1965, 1966 என்று மூன்று வருடமும் கோர்சிகாத் தீவின் ரலியை அது வென்றது. 1966 இல் இந்தக் காருக்கென்றே ஒரு போட்டித் தொடர் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே கார் என்பதால் பணத்தைவிடக் கைதான் பேசும். பிரெஞ்சுப் பந்தய ஓட்டுநர்களின் ஒரு தலைமுறை அங்கே ஓடப் பழகியது.

டியெப் நகரில் ஜோன் ரெடெலே நடத்திய சின்ன நிறுவனம்தான் அல்பைன். ரெனோவின் பாகங்களை எடுத்து ஃபைபர் கண்ணாடி உடலுக்குள் போட்டு, மிகத் தாழ்வான ஏ110 ஐச் செய்தது. 1973 இல் உலக ரலிச் சம்பியன்ஷிப் முதல் தடவையாக நடந்தபோது தயாரிப்பாளர் பட்டம் இந்தக் காருக்குத்தான் போனது. அந்த வருட மொன்டே கார்லோவை வென்ற ஜோன் குளோட் ஆந்த்ருவேயின் பக்கத்தில் இருந்து வளைவு வளைவாக வழி சொன்னவர் மிஷேல் பெட்டி என்ற பெண். ரலி உலகம் அவரை 'பீஷ்', பெண் மான், என்று கூப்பிட்டது. போர்ஷே 911 உம் 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ந்து மொன்டே கார்லோவை வென்றது. இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் ஸ்கோடா 130 ஆர்எஸ் என்ற பின் என்ஜின் கார் 1977 மொன்டே கார்லோவில் தன் வகுப்பில் முதல் இரண்டு இடங்களையும் எடுத்தது.

பனியிலும் கிரவலிலும் முழுக் காரும் எப்படியும் வழுக்கத்தான் போகிறது. அங்கே தள்ளுகிற சில்லுக்கு மேல் இருக்கிற பாரம் வரம். ஏற்றத்தில் மற்றவர்களின் சில்லுகள் சுத்திக்கொண்டு நிற்க, இவை ஏறிப் போய்விடும். ஆனால் ரலி ஓட்டுநர் சம்பளம் வாங்கிக்கொண்டு, பயிற்சி எடுத்து, தலைக்கவசம் போட்டு, எதிரே ஆளில்லாத பாதையில் ஓடுகிறார். சனிக்கிழமை சந்தைக்குப் பிள்ளைகளோடு போகிற ஒரு குடும்பத்துக்கு இதில் எதுவும் இல்லை.

கோர்வேர்

1959 இன் கடைசியில், 1960 ஆம் ஆண்டு மொடலாக, ஜெனரல் மோட்டர்ஸின் செவ்ரோலே பிரிவு கோர்வேரை வெளியிட்டது. பின்னால் காற்றால் குளிர்கிற ஆறு சிலிண்டர் அலுமினிய என்ஜின், ஊசல் அச்சு. பீட்டிலைவிடப் பெரியது, பாரமானது, வேகமானது. பாரத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் பின்னால். முன்பக்கத்தில் ஒரு சமநிலைத் தண்டு போட்டிருந்தால் வால் விடுகிற குணம் குறைந்திருக்கும். ஒரு காருக்குச் சில டொலர்தான் செலவு. செலவைக் குறைக்க அதை விட்டார்கள்.

அதற்குப் பதிலாக ரயர் காற்றைப் பிடித்தார்கள். முன் ரயருக்கு 15 இறாத்தல், பின் ரயருக்கு 26 இறாத்தல். முன் ரயரில் காற்றைக் குறைத்தால் முன்பக்கப் பிடி குறைந்து கார் சமநிலைக்கு வரும் என்பது கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் இது கையேட்டில் இருந்த ஒரு வரி. பெற்றோல் செட்டில் காற்று அடிக்கிற பையன் எல்லாக் காருக்கும் போல நான்கு ரயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான். கார் சொந்தக்காரருக்கும் அதன் முக்கியம் தெரியாது. காரின் பாதுகாப்பு, ஒருவரும் வாசிக்காத ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கவிழ்ந்த கார்களைப் பற்றி நூறுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. 1964 மொடலில் முன் சமநிலைத் தண்டு வந்தது, பின்னால் ஒரு குறுக்கு வில்லும் வந்தது. 1965 இல் ஊசல் அச்சை முழுக்க எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் மூட்டு உள்ள நல்ல அமைப்பைப் போட்டார்கள். அதே வருடம் நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற இளம் சட்டத்தரணியின் 'எந்த வேகத்திலும் ஆபத்தானது' என்ற புத்தகம் வந்தது. அதன் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. புத்தகத்தின் பெரும்பகுதி மற்றக் கார்களைப் பற்றியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெஞ்சில் குத்துகிற ஸ்டியரிங் தண்டுகள், பெல்ட் இல்லாத சீற்றுகள், கண்ணைக் கூசுகிற டாஷ்போர்டுகள் என்று போகும். அவருடைய அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: மனிதர் பிழை விடுவார் என்று தெரிந்தும், பிழை விடுகிற மனிதருக்காக ஏன் காரைச் செய்வதில்லை?

நிறுவனம் செய்தது, அவருக்குப் பின்னால் துப்பறிபவர்களை அனுப்பியது. அவருடைய பழக்கவழக்கங்களைப் பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரித்தார்கள். அது வெளியே வந்தது. 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டர்ஸின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன்னால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் செப்ரெம்பரில் அமெரிக்காவின் முதலாவது தேசிய வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. தன் அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் போட்ட வழக்கு 1970 இல் 4 லட்சத்து 25 ஆயிரம் டொலருக்குச் சமரசமானது. அந்தப் பணம் அவருடைய நுகர்வோர் இயக்க வேலைகளுக்குப் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லவன், கெட்டவன் என்று பிரித்து வைத்துவிடலாம். 1972 இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 1960 முதல் 1963 வரையான கோர்வேரைப் பீட்டில், டொஃபின், ஃபோர்ட் ஃபால்கன் போன்ற அதே காலக் கார்களோடு சோதித்தது. மற்றவற்றைவிடக் கோர்வேர் மோசமில்லை என்று அறிக்கை சொன்னது. கோர்வேர் ரசிகர்கள் இன்றைக்கும் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. கோர்வேரை மட்டும் பேயாக்கியது சரியில்லை. ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். அந்த வரிசையில் இன்னும் இரண்டு ஊசல் அச்சுக் கார்கள் நிற்கின்றன. 'மற்றவர்களும் இப்படித்தான்' என்பது நேடரின் கேள்விக்குப் பதில் ஆகாது. எங்கட பார்வையில் அது அவருடைய புகாரை முழுத் தொழிற்துறைக்கும் விரிக்கிறது. 1938 இல் பந்தயக் காரில் கைவிட்ட ஒன்றை 1960 இல் குடும்பக் காரில் போட்டு விற்றார்கள் என்பது அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. ஜெனரல் மோட்டர்ஸில் பெரிய பதவியில் இருந்த ஜோன் டிலோரியன், பிறகு தன் நினைவுகளில் கோர்வேர் விசயத்தில் நிறுவனத்தைக் கடுமையாகத் தாக்கினார். உள்ளே இருந்த பொறியியலாளர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள் என்றார். அதே டிலோரியன் 1981 இல் தன் பெயரில் வெளியிட்ட கார், 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் நீங்கள் பார்த்த அதே கார், பின் என்ஜின் கார்தான். ஊசல் அச்சு இல்லை, பின் ரயர்கள் முன்னதைவிட அகலம். பின் என்ஜினே பாவம் என்று அவர் நினைக்கவில்லை. அதைச் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தார்.

57 மில்லிமீற்றர்

சரியாகச் செய்வது எப்படி என்பதற்கு போர்ஷே 911 இன் அறுபது வருடம் ஒரு பாடப்புத்தகம். 1963 இல் அறிமுகமானபோதே அது முந்திய 356 இன் ஊசல் அச்சை விட்டுவிட்டிருந்தது. இருந்தும் வால் ஆடியது. முதல் சில வருடக் கார்களில் முன் பம்பருக்குள் ஏறத்தாழ 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டி இரண்டை ஒளித்து வைத்தார்கள். பாரம் குறைக்கப் பாடுபடுகிற விளையாட்டுக் காருக்குள் வெறும் இரும்பு! 1969 மொடலில் என்ஜினை அப்படியே விட்டுவிட்டு, பின் சில்லுகளை மட்டும் 57 மில்லிமீற்றர் பின்னுக்கு நகர்த்தினார்கள். ஒரு பெரிய பற்றரியை எடுத்துவிட்டு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பற்றரி வைத்தார்கள். 1972 இல் வந்த கரேரா ஆர்எஸ் இல் பின் ரயரை முன் ரயரைவிட அகலமாக்கினார்கள், வாலில் வாத்து வால் மாதிரி ஒரு தகடு வைத்தார்கள். 1993 இல் பின் அச்சின் அமைப்பையே மாற்றினார்கள். ஒவ்வொன்றும் சின்னத் திருத்தம். எல்லாம் சேர்ந்து காரின் குணத்தை மாற்றின.

இடையில் 1975 இல் 911 டேர்போ வந்தது. 260 குதிரைவலு. டேர்போ அமத்தின உடனே வராது, ஒரு மூச்சுக்குப் பிந்தி மொத்தமாக வரும். அந்த மூச்சு வளைவின் நடுவில் வந்தால் வால் விடும். பயந்து காலை எடுத்தால் இன்னும் விடும். அந்தக் காருக்கு 'விதவையாக்கி' என்று பட்டப்பெயர் வந்தது. இந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடுகிறவர் எப்போதும் ஆண், வீட்டில் காத்திருப்பவள் பெண் என்பது முதலாவது. ஆபத்து ஒரு குறையாக இல்லாமல் ஒரு தகுதிச் சான்றிதழாக மாறிவிட்டது இரண்டாவது. இந்தக் காரை அடக்கினவன் ஆம்பிளை, செத்தவன் ஓட்டத் தெரியாதவன். பணக்கார வாடிக்கையாளர்கள் தெரிந்தே அந்த ஆபத்தை வாங்கினார்கள் என்று 911 டேர்போவுக்கு வேண்டுமானால் சொல்லலாம். கோர்வேரையும் டொஃபினையும் வாங்கின குடும்பங்களுக்கு அப்படி ஒரு தெரிவு இருக்கவில்லை. ஆனால் அதே வீரப் பேச்சு அவர்களையும் மூடியது.

பிறகு

குடும்பக் கார்களில் பின் என்ஜினை முடித்து வைத்தது நேடர் இல்லை. 1959 இல் வந்த மினி, என்ஜினைக் குறுக்காக முன்னால் வைத்து முன் சில்லுகளை ஓட்டிக் காட்டியது. மூட்டுகள் மலிவாகின. 1974 இல் ஃபொக்ஸ்வாகனே கோல்ஃப் என்ற முன் என்ஜின் காருக்கு மாறியது. கடைசிக் காலத்தில் ஒரு நல்ல அத்தியாயமும் உண்டு. 1997 ஒக்ரோபரில் சுவீடனில் ஒரு பத்திரிகைச் சோதனையின்போது, திடீரென்று குறுக்கே வந்த மிருகத்தைத் தவிர்ப்பது போல் வெட்டித் திருப்பியதில், மெர்சிடிஸின் புதிய ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அது முன் என்ஜின் கார். நிறுவனம் முதலில் மழுப்பினாலும் பிறகு விநியோகத்தை நிறுத்தி, எல்லா ஏ கிளாஸ் காருக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டைப் போட்டது. அதே குழுமத்தின் சின்னப் பின் என்ஜின் காரான ஸ்மார்ட்டின் வெளியீட்டையும் 1998 ஒக்ரோபர் வரைக்கும் தள்ளி வைத்துத் திருத்தினார்கள். இந்தக் கட்டுப்பாடு செய்வது, கார் சுழலப் பார்க்கும்போது தனித்தனிச் சில்லுகளுக்குத் தானாகப் பிரேக் போடுவது. மனிதக் காலால் ஒருபோதும் செய்ய முடியாத வேலை.

இதை வாசிக்கிற எங்களுக்கு மிகக் கிட்டின பின் என்ஜின் கார், டாட்டா நானோ. 2011 இல் இலங்கைக்கும் வந்தது. அதன் பின் ரயர்கள் முன் ரயர்களைவிட அகலம். கரேரா ஆர்எஸ் படித்த பாடத்தை அது மறக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் நாலு பேராகப் போகிற குடும்பத்துக்கான கார் என்றுதான் அது அறிமுகமானது. 2014 இல் குளோபல் என்கெப் நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். சோதித்த காரில் காற்றுப்பை இல்லை. விலையைக் குறைக்க எதை விடலாம் என்ற கேள்விக்கு 1959 இல் டெட்ராயிட்டில் வந்த பதிலும் இந்தப் பதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இரண்டு தடவையும் அந்தக் கார் சாதாரணக் குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டது.

அல்பைன் பனியில் வாலை வீசுகிற வீடியோவை நாங்கள் இனியும் பார்ப்போம், நீங்களும் பாருங்கோ. அந்தக் கைகளின் திறமை உண்மையானது. ஆனால் அந்தத் திறமை இல்லாத ஒருவர் வளைவில் காலை எடுத்ததற்காகச் சாக வேண்டியதில்லை. அவர் காலை எடுப்பார் என்று காரைச் செய்தவர்களுக்கு முன்னமே தெரியும்.